கறுப்புக் கோட்டில் இருந்த தந்தி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்னியின் லிட்கம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுக்காரர் தேவராஜா, அவர் மனைவி பவளம், மகள் யோகராணி, பவளத்தின் தம்பி வரதராஜா, அவன் மனைவி இராஜேஸ்வரி. ஆறாவது ஆள் ஒருவரும் இல்லை. 1976ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம்.

கதிரையைக் காட்டியும் வரதராஜா உட்காரவில்லை.

"விடியக் கொழும்பிலை இருந்து ட்ரங்கோல் வந்தது, அத்தான். மகேந்திரராஜா அண்ணை செவ்வாய்க்கிழமை மோசம் போயிட்டாராம். உங்களுக்கு அண்டைக்கே தந்தி அடிச்சவையாம். புதன்கிழமையே வந்திருக்கும்."

பவளம் வாயைப் பொத்திக்கொண்டாள். மகேந்திரராஜா தேவராஜாவின் ஒரே அண்ணன். தகப்பன் இல்லாத வீட்டில் தன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தம்பியை எஞ்சினியர் ஆக்கியவர்.

"நேற்றுப் பின்னேரம் இருபது குடும்பம் இங்கை சாப்பிட்டது," என்றான் வரதராஜா. "துடக்கு வீட்டிலை எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறியள்."

சாவு விழுந்தால் உரித்துக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அவர்கள் கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் போவதில்லை. அந்த வீட்டில் பிறர் கை நனைப்பதில்லை. தேவராஜாவுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிட்னிக்குப் புதிதாக வந்த இளம் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரே அவர்தான்.

தந்தி புதன்கிழமையே வந்துவிட்டது. சனிக்கிழமை மகளின் கச்சேரிக்குப் போடுவதற்காகச் சலவைக்குக் கொடுத்திருந்த கறுப்புக் கோட்டை எடுக்க, தேவராஜா அன்று அரை நாள் லீவு போட்டிருந்தார். கோட்டும் கையுமாக வீட்டு வாசலை அடைந்தபோது தந்திக்காரன் நின்றான். கையொப்பமிட்டு வாங்கிப் படித்தார். பின்னறையில் யோகராணி, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். தந்தியை நாலாக மடித்துக் கோட்டின் உட்பையில் வைத்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டொக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தும் அதை விட்டு யோகராணி சங்கீதம் படிக்கப் போனாள். அப்போது வரதராஜா பத்துப் பேர் முன்னிலையில் கேட்டான்: "என்ன அத்தான், மருமகள் கலியாண வீட்டிலை மேளம் வாசிக்க ஆயத்தமோ?" எல்லோரும் சிரித்தார்கள். தேவராஜாவும் சிரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பு அவர் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது.

சனிக்கிழமைக் கச்சேரிதான் அதற்கு அவர் வைத்திருந்த பதில். பரமட்டாவில் ஒரு மண்டபம். அறுபது பேர் கொண்ட வாத்தியக் குழு. ஐமோ ரந்தலா என்ற பின்லாந்துக்காரரின் மூன்றாவது சிம்பொனி. அவர் பெயரை இங்கே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. குழுவை நடத்தியவரும் பின்லாந்திலிருந்து வந்தவர் என்பதால் சுரத்தாள்கள் கிடைத்திருந்தன. அதில் இரண்டாம் பகுதியைத் தொடங்குவது ஒற்றை வயோலா. அதை வாசிப்பவர் யோகராணி தேவராஜா என்று நிகழ்ச்சித்தாளில் அச்சாகியிருந்தது. இருபது குடும்பங்களுக்கும் தேவராஜா தானே போன் எடுத்து அழைத்திருந்தார். தந்தி வெளியே வந்தால் அந்த இடத்தில் வேறு பிள்ளை இருக்கும். வரதராஜாவின் பகிடி மட்டும் மிஞ்சும். நாலு நாள்தானே என்று நினைத்தார். அண்ணை பொறுத்துக்கொள்வார். அவர் எதைத்தான் பொறுக்கவில்லை?

கச்சேரியில் முதற்பகுதி அவருக்குப் பிடிபடவில்லை. காற்று எழுவதும் அடங்குவதுமாக இருந்தது. பொழுது போகாமல் நிகழ்ச்சித்தாளைப் படித்தார். இரண்டாம் பகுதியை ரந்தலா எழுதியது, தன் தமையன் இறந்த குளிர்காலத்தில் என்று அதில் இருந்தது. அவர் அந்த வரியைத் திரும்பப் படிப்பதற்குள் வயோலா தொடங்கிவிட்டது.

நெடுநேரம் ஒரு வாத்தியமும் அதோடு சேரவில்லை. அந்த இசை மூன்று படி இறங்கும், திரும்பி ஏறும், வீடு சேருவதற்கு ஒரு படி இருக்கும்போது நின்றுவிடும். மறுபடியும் இறங்கும். தேவராஜா நெஞ்சில் கை வைத்தார். உட்பையில் கடதாசி சரசரத்தது. கண்ணீர் நாடிவரை வழிந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்த வரதராஜா முழங்கையால் இடித்தான். "மகள் வாசிக்கிறாள்தான், அதுக்கு இப்பிடியே? கண்ணைத் துடையுங்கோ அத்தான். வெள்ளையள் பாக்கிறாங்கள்."

கச்சேரி முடிந்து எல்லோரும் லிட்கம் வந்து சாப்பிட்டார்கள். தேவராஜா கழற்றிக் கொடுத்த கோட்டை வாங்கி மாட்டியவள் யோகராணி; உட்பையில் கடதாசி சரசரத்தது. அதன் பிறகு அவள் ஒரு வாய் சோறும் உண்ணவில்லை. களைப்பு என்று சொன்னாள்.

இப்போது முன்னறையில் இராஜேஸ்வரி கேட்டாள்: "புதன்கிழமை ஆர் வீட்டிலை நிண்டது? மச்சாள் வேலைக்குப் போனவ. பிள்ளை, நீதானே வாசிச்சுப் பழகவேணும் எண்டு நிண்டனீ?"

"ஓம் மாமி. நிண்டனான்."

யோகராணி தகப்பனைப் பார்த்தாள். எதுவும் கேட்காத பார்வை, காத்திருந்த பார்வை. ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால், துடக்கோடு சபையில் இருந்தவன், அறிந்தும் பந்தி வைத்தவன் என்ற பெயர் தேவராஜாவுக்கு. சொல்லாவிட்டால் பிள்ளைக்கு.

அவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"சின்னப் பிள்ளை," என்றார். "கச்சேரி நினைப்பிலை விளங்காமல் செய்துபோட்டாள்."

பவளம் மகளின் கையைப் பிடித்தாள். "உண்மையே பிள்ளை?"

"அப்பா சொல்லுறார்தானே அம்மா," என்றாள் யோகராணி.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வயோலாவையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு மெல்பேர்ன் ரெயில் ஏறினாள். அங்கே கிளென் வேவர்லியில் ஓர் அறை எடுத்துப் பிள்ளைகளுக்கு வாத்தியம் படிப்பித்தாள். தாய்க்குக் கடிதம் போடுவாள். அதில் தகப்பனைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இருபது குடும்பமும் வந்தது. வந்து சாப்பிட்டது. பிள்ளையால் தலைகுனிந்த மனிதர் என்று தேவராஜாவின் முதுகைத் தடவியது. அவர் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒரு நாள் நகரத்து இசைத்தட்டுக் கடையில் ரந்தலாவின் பெயரை எழுதிக் காட்டினார். அப்படி ஒருவரைத் தெரியாது என்றார்கள்.

பெரியப்பாவின் சாவுத் தந்தியை யோகராணி கச்சேரிக்காக ஒளித்தாள், அதற்காகத் தகப்பன் அவளை வீட்டைவிட்டுத் துரத்தினார் என்று சிட்னியிலும் மெல்பேர்னிலும் சொல்கிறார்கள். இரண்டும் பிழை. தந்தியை ஒளித்தவர் தேவராஜா. யோகராணியை ஒருவரும் துரத்தவில்லை, அவளாகத்தான் போனாள்.