பினாங்கு விழுந்த சுவர்

கண்டரமாணிக்கத்து அன்வர் சாதிக் மூன்று வருடமாகத் தன் வீட்டுக் கூரையில் தலைகீழாக நடமாடுகிறார். சிலிண்டர் போட வருகிறவர்கூட இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எல்லாம் அனுசுயா என்ற புகைப்படக்காரர் சென்னையிலிருந்து வந்து, பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டை நாற்பது நாளைக்கு வாடகைக்கு எடுத்ததில் தொடங்கியது. வீட்டையே கேமராவாக்கிக் காட்சிக்கு வைப்பது அவர் திட்டம். ஜன்னலையெல்லாம் அடைத்துச் சுவரில் மிளகளவு துளை போட்டால், வெளியே இருக்கும் தெரு எதிர்ச்சுவரில் தலைகீழாக வந்து விழும். கொத்தனார் பாண்டிமுருகன் தெருப் பக்கம் போடவேண்டிய துளையைக் கிழக்கே போட்டுவிட்டார். முட்டை வெள்ளைக்கரு பூசி இழைத்த சுவரில், தெருவுக்குப் பதில் பினாங்கு வந்து விழுந்தது.

"தொண்டியத் தாண்டுனா வெறுங்கடல்தானே. மறைக்க என்ன இருக்கு?" என்றார் பாண்டிமுருகன்.

கூட்டிப் பெருக்க வந்த நபீஸா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். சுவரில் பரோட்டா வீசிக்கொண்டிருந்தவர் அவள் கணவர் அன்வர். ஏழு வருடமாக ஊர் வராதவர். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டிக்குள் இருந்தது. தினமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அவள் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டது. போனில் கேட்டாள்:

"மச்சான், மூணு நாளா அதே நீலச் சட்டையத்தான் போடுறீக."

"யாரு சொன்னா?"

"சுவரு."

நாற்பதாம் நாள் பாண்டிமுருகன் சுண்ணாம்புக் கலவையோடு வந்தார். நபீஸா போனில், "அடுப்புக்குப் பின்னாடி மிளகாட்டம் ஒரு வெளிச்சம் தெரியும், அங்குட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடைச்சிரவாக்கா?"

"செத்த பொறு தம்பி. வந்துக்கிட்டிருக்காக."

வந்துவிட்டார். படத்தில் தரை மேலே இருந்ததால், பாதி வீசிய பரோட்டாவோடு நேராகக் கூரையில் கால் வைத்தார். அது இருபதடி உயரத்துக் கூரை. நபீஸா ஏணி போட்டு எட்டினாள், அவரும் கையை நீட்டினார். ஒரு முழம் போதவில்லை. ஏழு வருடம் அழாதவள் அந்த ஒரு முழத்துக்கு அழுதாள்.

வெளியே கூட்டிப்போகவும் வழியில்லை. கூரையில்லாத இடத்தில் அடியெடுத்து வைத்தால் வானத்துக்குள் விழுந்துவிடுவார். அன்றைக்கே ஊரார் அங்கிருந்து நபீஸா வீடுவரை பந்தல் போட்டார்கள். குறைத்து அளந்தாலும் மூன்று தெரு நீளம். அவர் பந்தலின் உட்பக்கத்தில் நடந்தார், அவள் தரையில் கூடவே நடந்தாள்.

இப்போது அவருக்குச் சோறு போடும்போது தட்டைக் கவிழ்த்துக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். வீட்டுக் கூரை பத்தடி உயரம்தான் என்று கல்யாணமான புதிதில் அன்வர் குறைபட்டதுண்டு. இப்போது அவர் நிமிர்ந்து நின்றால், கீழே நிற்கும் நபீஸாவின் நெற்றியில் அவர் நெற்றி சரியாகப் படுகிறது.