விழுந்தபின் ஒரு முறை

ஐஸ் பெட்டியின் மூடியைப் போட்டு, ஒயரைச் சொருகி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எதிர்வீட்டுப் பங்காரம்மா சேரை இழுத்து ஷ்ரவ்யாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்து, மூக்கைச் சிந்தி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"அப்பன் கேட்டதை நீ கடைசி வரைக்கும் குடுக்கவே இல்லையாமா, அம்மணி?"

"எதைங்க அத்தை?"

"அதான், செத்தா மறுக்கா எந்திரிக்கிற பவரு. திங்கக்கெழமையிலிருந்து வீதி பூரா அதே பேச்சு. எங்க ஊட்டுக்காரரை ஒரு மணி நேரம் நிறுத்திவெச்சுச் சொன்னாரு."

பெட்டிக்குள் இருந்த கோவிந்தராஜுலு பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் டெஸ்டிங்கில் இருந்தவர். எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று தன் கண்ணால் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் வெளியே விட்டதில்லை. பெண்டாட்டியும் போய், ரிட்டையரும் ஆன பிறகு, ஒரே மகளும் அவள் ஆபீஸ் சிநேகிதர்களும் ஞாயிறு மத்தியானம் மாடியறையில் விளையாடும் ஆட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆளுக்கொரு வீரனாகத் தங்களை நினைத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயாலேயே காடுமலை தாண்டிச் சண்டை போடுகிற ஆட்டம். அடி பட்டதா தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். மற்றதையெல்லாம் ஆட்டத்தை நடத்துகிற ஷ்ரவ்யா சொல்லுவாள்.

வீரனுக்குப் புதுச் சக்தி வேண்டுமென்றால் பத்துச் சண்டை ஒத்திகை பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று விதி போட்டதே கோவிந்தராஜுலுதான். ஒருத்தன் சக்தி மிஞ்சினால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டும். குறைந்தால் அவன் கொட்டாவி விட வேண்டும். ஒரே மூச்சில் ஆறு பேரை எரிக்கிற, ஆபீஸ் சிநேகிதன் ரியாஸின் நெருப்பைப் பத்துத் தடவை எரியவிட்டுப் பார்த்து, மூன்று பேராகக் குறைத்தார். அந்தச் செய்தியை ரியாஸின் கல்யாண மேடையில், போட்டோவுக்கு நிற்கும்போதுதான் மாப்பிள்ளை காதில் சொன்னார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன ஞாயிறு தன் ஈட்டிக்காரன் காரிக்கு ஒரு சக்தி கேட்டார். உயிர் தீர்ந்து விழுந்தால், ஒரு சண்டைக்கு ஒருமுறை, தானாக எழுந்துகொள்வது. ஷ்ரவ்யா அன்றைக்கு அலுப்பில் இருந்தாள். "செத்தவன் எந்திரிச்சா அப்பறம் யாருக்குங்க நைனா பயம்? இது ஓவர்" என்று பகடையைத் தொடாமலேயே மறுத்துவிட்டாள்.

"ஊரான் பவரைப் பத்துத் தடவை பாக்கற. எனக்கு ஒரு தடவைகூடப் பாக்கலை" என்றார். அதோடு வீட்டுக்குள் பேச்சை நிறுத்தி வீதியில் ஆரம்பித்தார். வியாழக்கிழமை காலை பால் பூத்தில், பாக்கெட்டைக் கையில் வாங்கியபடி பூத்துக்காரரிடம் இதே வழக்கைத் தொடங்கியவர், பாதியில் தரையில் உட்கார்ந்தார். மீதியைப் பூத்துக்காரர்தான் வந்து சொன்னார்.

கோபியிலிருந்து மைத்துனர் வேங்கடசாமி கோடித்துணி கொண்டுவர வேண்டும். புதுத்துணி போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அவர் அவினாசி தாண்டி நெரிசலில் நிற்பதாகப் போன் வந்தது. பந்தலில் பெரியப்பா ராமுலு தலைமையில் நாலு பேர் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். ஆட்டத்துச் சிநேகிதர்கள் ரியாஸும் லோகப்பிரியாவும் மாலையோடு வந்து, பெட்டிமேல் வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

ஷ்ரவ்யா அவர்களைப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள்.

"பகடை வெச்சிருக்கியா ரியாஸ்?"

"பேக்ல இருக்கு. எதுக்கு?"

"நைனா பவரை டெஸ்ட் பண்ணோணும்."

"இப்பவா?" என்றாள் லோகப்பிரியா.

"எடுத்துப்போட்டா அப்பறம் யாருக்குப் பண்ணுவேன்?"

மூன்று பிளாஸ்டிக் சேர். நாலாவது சேர்தான் மேசை. எதிரி, மூன்று வாரமாக அவர்களைப் பாடாய்ப்படுத்தும் குகை அரக்கன். காரிக்கு லோகப்பிரியா உருட்டினாள், அரக்கனுக்கு ஷ்ரவ்யா. ரியாஸ் தன் வீரனையும் பார்த்துக்கொண்டு கணக்குக் குறித்தான்.

"எழவு ஊட்டுல பகடை உருட்டறாங்க பாரு, கலிகாலம்" என்று கையில் பதிமூன்று சீட்டோடு சொன்னார் ராமுலு.

முதல் சண்டையில் காரி விழுந்தான். எழுந்தான். எழுந்தவனுக்கு உயிர் ஒரே ஒரு புள்ளி. அரக்கன் அடுத்த அடி அடித்தான். மறுபடி விழுந்தான். மூன்றாவது சண்டையிலும் அதேதான். நாலாவதில் ராமுலு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றார்.

"எந்திரிச்சவனைக் கொஞ்சம் அக்கட்ட ஓடச் சொல்லு கண்ணு. அந்தத் தடியன் முன்னாடியே நின்னா?"

"ஓட முடியாதுங்க. எந்திரிக்கிறதுக்கே மூச்சு சரியாப் போயிரும். நின்னபடி ஏதாச்சும் ஒண்ணு பண்ணலாம்" என்றாள் ஷ்ரவ்யா.

பத்துச் சண்டை முடிந்தது. ஏழில் விழுந்தான், ஏழிலும் எழுந்தான், ஏழிலும் அடுத்த அடியிலேயே போனான். அவன் எழுந்ததால் தோற்கிற சண்டை ஒன்றுகூட வெற்றியாக மாறவில்லை. ரியாஸ் தாளை இரண்டு முறை பார்த்தான்.

"ஓவரெல்லாம் இல்ல ஷ்ரவ்யா. சொல்லப்போனா தண்டம். இதுக்கா அங்கிள் நாலு நாள் சண்டை போட்டாரு?"

"ஆடறதுக்கு ஒரு முறை கெடைக்குதல்ல" என்றாள் லோகப்பிரியா. "விழுந்ததுக்கும் மறுக்கா விழறதுக்கும் நடுவால ஒரு முறை."

"அதுல என்னத்தைப் பண்ணப்போறான்?" என்றார் ராமுலு.

"ஈட்டியில ஒரு குத்துதாங்க" என்றான் ரியாஸ்.

"குத்த மாட்டாரு" என்றாள் ஷ்ரவ்யா. "அரக்கனை நிக்கச் சொல்லிப்போட்டு எங்கிட்டத் திரும்புவாரு. 'இந்த அடி எப்படிப் பட்டுது, மறுக்கா எண்ணு'ம்பாரு."

ரியாஸ்தான் முதலில் சிரித்தான். லோகப்பிரியா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். ஷ்ரவ்யாவுக்கு அடக்க முடியவில்லை. குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமுலு அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவள் நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது.

"காரியோட தாளைக் குடு" என்றாள். சக்திகள் எழுதும் இடத்தில் கடைசியாக ஒரு வரி எழுதி, பக்கத்தில் 'செல்லும்' என்று போட்டாள்.

"தேதி போடு அம்மணி. அவன் தேதியில்லாம ஒண்ணையும் ஒத்துக்க மாட்டான்" என்றார் ராமுலு. போட்டாள்.

வேங்கடசாமி வந்துவிட்டார். கோடி போர்த்தினார்கள். பெண்கள் வீதிமுனை வரை போய்த் திரும்பினார்கள். ஆம்புலன்ஸ் மின்மயானத்துக்குப் போனது.

வீட்டைக் கழுவிவிட வேண்டும். ஷ்ரவ்யா ஹோஸைப் பிடித்துக்கொண்டாள். சீமாற்றோடு வந்த பங்காரம்மா இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பசங்களோட உக்காந்துட்டிருந்தயே. குடுத்துட்டயா?"

"குடுத்தாச்சுங்க அத்தை."

பங்காரம்மா சீமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல் கேட்டுக்குப் போனாள். அடுத்த வீட்டு ஜன்னலில் சொன்னது கேட்டது: "குடுத்துட்டாளாமா." அந்த வீட்டிலிருந்து மாடிக்குப் போனது. மாடியிலிருந்து, வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருக்கும் அயன்காரர் அப்துல் நாசருக்கு யாரோ குனிந்து சொன்னார்கள். அவர் அயன் பெட்டியைத் தூக்கி நிறுத்திவைத்தார்.

"டெஸ்ட் பண்ணித்தான் குடுத்துச்சுங்களா?"

ஷ்ரவ்யா வாசலிலிருந்து பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, யாருடையதோ ஒரு சட்டைமீது தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்தார். ஆவி எழுந்தது. ஷ்ரவ்யா ஹோஸைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினாள். சம்பங்கி இதழ்கள் மிதந்து போய்ச் சாக்கடை மூடியில் அடைத்துக்கொள்ள, அதைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள்.