பூண்டுக்கு எதிரான தீர்மானம்

என் நாத்தனார், தன் புருஷன் வீட்டை விட்டு வந்தபோது, இரண்டு பெட்டிகளும் ஒரு ஓவனும் கொண்டு வந்தாள். பெட்டிகளை டாக்சிக்காரர் தூக்கி வந்தார். ஓவனை அவள் யாரையும் தொட விடவில்லை. லிஃப்ட் ஆடும் என்று மூன்று மாடியும் படியேறி, மூச்சு வாங்க அதை எங்கள் சமையலறை மேடையில் இறக்கி வைத்தாள்.

"பத்து வருஷத்துல அந்த வீட்ல சூடா இருந்தது இது ஒண்ணுதான் அண்ணி" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பத்து நாளில் போய்விடுவாள் என்று நம்பிச் சிரித்த சிரிப்பு அது. நாலு மாதம் ஓடிவிட்டது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் எது, ஆக்சிலரேட்டர் எது என்று தெரியாத ஜனங்கள் பக்கத்தில் நாள் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வந்து மாவு பிசைவாள். பிசைகிற வேகத்தைப் பார்த்தால் பலகையில் கிடப்பது மைதா மாவா, முன்னாள் புருஷனா என்று சந்தேகம் வரும். எந்த ரொட்டி செய்தாலும் பூண்டு. வெண்ணெயில் பூண்டு, மாவுக்குள் பூண்டு, மேலே தூவப் பூண்டு. ருசியில் குறை சொல்ல நாக்கு கூசும். ஆனால் திரைச்சீலை, தலையணை உறை, என் கைப்பை எல்லாவற்றிலும் அந்த வாசனை குடியேறிவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று நான் சொல்வதற்கு முன்பே நோயாளிகள் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் லிஃப்டில் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் மாட்டிக்கொண்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். கொடியில் காயும் துணிக்கு ஒன்று, படியில் கிடக்கும் செருப்புக்கு ஒன்று என்று வாரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டுவார். அதனால் ஏழு வீட்டிலும் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்றே பெயர்.

அவர் மூக்கை உறிஞ்சினார். "என்னம்மா, பூண்டு வாசனை தூக்குதே?"

"அதை ஏன் சார் கேக்கறீங்க. வீட்ல இருக்க முடியல."

இவ்வளவுதான் சொன்னேன். மூன்றாம் நாள் லிஃப்ட் கதவில் அறிவிப்பு: 'குடியிருப்போரில் ஒருவர் வாய்மொழியாக அளித்த புகாரின் பேரில், பூண்டு முதலான கடும் மணப் பொருள்களைச் சமைப்பதைத் தடை செய்யும் தீர்மானம் வரும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில் விவாதிக்கப்படும்.'

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆசாமி. அவரே அன்று சாப்பிடும்போது, "யாரு அந்தப் புகார் குடுத்த புண்ணியவான்?" என்றார்.

"யாரா இருந்தா என்னண்ணா, பேர் சொல்லத் தைரியமில்லாத ஆளு" என்றாள் அவர் தங்கை.

நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எதைத் தடை பண்றாங்கன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு நான் ரொட்டி கொண்டு போறேன். அண்ணி, காலைல எனக்குப் பன்னெண்டு பூண்டு உரிச்சுக் குடுங்க."

குற்ற உணர்ச்சி உள்ளவர்கள் கேள்வி கேட்பதில்லை. ஞாயிறு காலை ஐந்தரைக்கே எழுந்து, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் பன்னிரண்டு முழுப் பூண்டை உரித்தேன். நகக்கண் எல்லாம் எரிந்தது. குளித்துவிட்டு வந்த நாத்தனார் கிண்ணத்தைப் பார்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பன்னெண்டு பல்லு அண்ணி! பல்லு! நீங்க ஊருக்கே உரிச்சு வச்சிருக்கீங்க."

"பூண்டுன்னுதானே சொன்னே?"

"எக்ஸ்ரேல காலைக் கேட்டா ஆளையே எடுப்பீங்களா?"

சரி, உரித்ததை வீணாக்குவானேன் என்று அவ்வளவையும் எண்ணெயில் புரட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து ஓவனுக்குள் தள்ளினாள். முக்கால் மணி நேரத்தில் அது வெண்ணெய் மாதிரி குழைந்து வெளியே வந்தது. காரமெல்லாம் போய் இனிப்பாக இருந்தது. வெண்ணெய், உப்பு, பொடியாக நறுக்கிய மல்லித்தழை சேர்த்து மசித்தாள். அதற்குள் வெதுவெதுப்பான பாலும் ஈஸ்டும் விட்டுப் பிசைந்த மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு உப்பியிருந்தது. அதை ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிறகு எலுமிச்சை அளவு உருண்டைகளாகக் கிள்ளி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் சீஸ் துண்டு வைத்து மூடி, பூண்டு வெண்ணெயில் முக்கி, வட்டத் தட்டில் தோளோடு தோள் உரச அடுக்கினோம். ஒரு தட்டில் முப்பது. இரண்டு தட்டு. மேலே இன்னும் சீஸ்.

இதற்கு நடுவே மூன்று முறை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இங்க பாரு, அந்தப் புகார் விஷயம்..." என்பேன். "உப்புப் பாருங்க அண்ணி" என்று வாயில் எதையாவது திணிப்பாள். மாதிரிக்கு என்று சுட்ட நாலு உருண்டையில் மூன்று என் வயிற்றுக்குள் போயின. அவ்வளவு ருசியான ஒன்றை மென்றுகொண்டே துரோகத்தை ஒப்புக்கொள்ள யாராலும் முடியாது.

பதினொரு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தோம். முதல் மாடி மருந்துக்கடைக்காரர், மேல்மாடி வயலின் டீச்சர், சுற்றறிக்கையின் மனைவி, மற்றவர்கள். சுற்றறிக்கையின் மனைவி எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். இந்த ஆறு வருடத்தில் எதிலும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சுற்றறிக்கை மூன்று பக்கத் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கம் வந்தபோது நாத்தனார் மேசைமேல் தட்டுகளை வைத்துத் துணியை விலக்கினாள். ஆவி எழுந்தது. மருந்துக்கடைக்காரர் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்.

"இது என்ன?" என்றார் சுற்றறிக்கை.

"சாட்சி சார். விசாரிக்காம தண்டனை குடுக்கக் கூடாதில்ல?"

"கத்தி எங்க? எப்படிப் பங்கு போடறது?"

"கத்தியெல்லாம் கிடையாது. பிச்சுத்தான் சாப்பிடணும்."

முதலில் வயலின் டீச்சர் கை வைத்தார். ஒரு உருண்டையை இழுத்தால் பக்கத்து உருண்டையும் கூடவே வந்தது, சீஸ் இழை விடாமல் நீண்டது. அப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒருவர் கைக்கு மேல் ஒருவர் கை. இழை அறுபடுவதற்காக எல்லோரும் கையை உயர்த்தினார்கள். அறுபடவில்லை. எழுந்து நின்று இன்னும் உயர்த்தினார்கள். நானும் என் பங்கைத் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து, நாக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். என் புருஷன் பஸ் கம்பியைப் பிடித்த பயணி மாதிரி நின்றார்.

சுற்றறிக்கை ஒரு கணம் எங்களைப் பார்த்தார். முப்பது வருடம் ஆய்வாளராக இருந்த மூளை.

"தீர்மானத்தை ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றார் மெதுவாக. உடனே பேனாவால் எண்ணினார். "பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. நிறைவேற்றப்பட்டது."

"ம்ம்! ம்ம்ம்!" என்றது கூட்டம். கொதிக்கும் சீஸ் வாயில் இருக்கும்போது மனிதனால் அவ்வளவுதான் ஆட்சேபிக்க முடியும். தடையை ஆதரித்த பன்னிரண்டு கைகளில் ஒன்று என் நாத்தனாருடையது. அவள் கண்ணாலேயே அவரை எரித்தாள்.

கை தூக்காத ஒரே ஆள் அவர் மனைவிதான். அவர் உட்கார்ந்தபடியே தன் உருண்டையைச் சின்னச் சின்னதாகக் கிள்ளித் தின்று முடித்து, விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டுப் பேசினார்.

"இது ஓட்டா? அவங்க சீஸைத் தூக்கிட்டு நிக்கறாங்க."

"நீ சும்மா இரு."

"முப்பத்தோரு வருஷமா சும்மாதானே இருக்கேன். உங்களுக்கு ஆகாதுன்னு வீட்ல பூண்டே வாங்கறதில்ல. நாலு மாசமா இந்தப் பொண்ணு ரொட்டி சுடற அன்னிக்கெல்லாம் நான் குப்பை கொட்டற சாக்குல மூணாவது மாடி வரைக்கும் ஏறி, மோந்து பாத்துட்டு வர்றேன். அதையும் நிறுத்தப் பாக்கறீங்களா?"

குப்பைத் தொட்டி கீழ்த்தளத்தில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் எழுந்து போய் அவர் கையில் இன்னொரு உருண்டை வைத்தார்.

சுற்றறிக்கைக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் தன்னையே பார்ப்பது தாங்காமல், "என்னை ஏன் பாக்கறீங்க? புகார் குடுத்தது நானில்ல" என்று சுற்றிலும் தேடி, பேனாவை நேராக என்மேல் நீட்டினார். "இந்தம்மாதான். வீட்ல இருக்க முடியலன்னு லிஃப்ட்ல வச்சு சொன்னாங்க."

என் கையில் பாதி உருண்டை. உதட்டிலிருந்து சீஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் மறுக்கவும் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது. என் புருஷன் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு தட்டை மட்டும் பார்த்தார்.

நாத்தனார் மென்றாள். விழுங்கினாள்.

"கையைத் துடைச்சிட்டு ஒழுங்கா ஓட்டு எடுங்க சார்" என்றாள் அவரிடம்.

எல்லோரும் துடைத்துக்கொண்டார்கள். தடையை ஆதரிப்பவர்கள் என்று அவர் கேட்டபோது அவருடைய கை ஒன்றுதான் எழுந்தது. பிறகு இன்னொன்றும் எழுந்தது. நாத்தனார் கை.

"நீயா?" என்றார் சுற்றறிக்கை.

"இது எங்க அண்ணிக்காக. அவங்களுக்குத் தைரியம் வராது."

இரண்டுக்குப் பன்னிரண்டில் தீர்மானம் தோற்றது. கூட்டம் கைதட்டியது. நான் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

தேய்க்கவே தேவையில்லாத அளவுக்கு வழித்துத் தின்றிருந்த தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"எப்படிச் சொல்றது? வாயைத் திறந்தா ரொட்டியை வச்சு அடைக்கறே."

"நாலு மாசமாவா?"

"நாலு மாசமாத்தான் அடைக்கறே."

இதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. புருஷனை விட்டு வந்தவளிடம் போய் வீட்டில் நாறுகிறது என்று எந்த வாயால் சொல்வது, சொன்னால் போ என்று சொன்ன மாதிரி ஆகாதா என்று, சோப்பு நுரையும் மூக்கொழுகலுமாக உளறினேன்.

அவள் மனசில் நிஜமாகவே அடிபட்டிருந்தாள், அது முகத்தில் தெரிந்தது. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா? போன மாசமே எனக்கு ஒரு வீடு கிடைச்சாச்சு. ஒரு ரூம், ஒரு கிச்சன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

தட்டைத் தொட்டிக்குள் போட்டேன். "என்னது?"

"அண்ணனோட குறட்டை சுவத்தையே ஆட்டுது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். சாப்பிடும்போது நீங்க சொல்ற எக்ஸ்ரே கதையெல்லாம் இருக்கே... யாரு எதை முழுங்கினாங்க, அது எங்க போய் மாட்டிச்சுன்னு. நாலு மாசத்துல அஞ்சு கிலோ இளைச்சிட்டேன் அண்ணி."

"நீயும் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? வாயைத் திறக்க விட்டாத்தானே."

நாங்கள் சிரித்த சத்தத்தில் என் புருஷன் எட்டிப்பார்த்தார். தன் குறட்டை பற்றியும் பேச்சு வந்திருப்பதைக் கேட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

இரண்டு வாரத்தில் அவள் புது வீட்டுக்குப் போய்விட்டாள். இவருடைய பஸ் பாதையில் மூன்று நிறுத்தம் தள்ளி. சாமான் ஏற்றிய அன்று சுற்றறிக்கையின் மனைவி கையில் ஒரு நோட்டோடு இறங்கி வந்து, செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் வீட்டில் இப்போது என்ன வாசனை வருகிறது என்று யாரும் புகார் கொடுக்கவில்லை, கொடுத்தாலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

நானும் நாத்தனாரும் இப்போது போனில் தினமும் சண்டை போடுகிறோம். நேற்று, என் புடவைத் தேர்வைப் பார்த்தால் கண் டாக்டரிடம் போகத் தோன்றுகிறது என்றாள். நீ வகுப்பெடுத்தவர்கள் இன்னும் உயிரோடிருப்பது ஆண்டவன் புண்ணியம் என்றேன். இருபது நிமிடம் கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொன்னாள். வரும்போது ஒரு கிலோ சீஸ் வாங்கி வரணும், எக்ஸ்ரே கதை எதுவும் கொண்டு வரக் கூடாது என்றும் சொன்னாள்.