தஹ்சீன் தேர்வுக்காக ஒரு பேட்டரிப் பெட்டி

நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவன். கரண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், தொட்டால் அடிக்கும் என்பதுதான். அப்படிப்பட்ட நான் பேட்டரிப் பெட்டி செய்யக் கிளம்பியதற்குக் காரணம் என் மனைவி தஹ்சீன்.

அவள் மெடிக்கல் கோடிங் படித்தாள். டாக்டர் எழுதும் நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் போடுகிற வேலை. தேர்வில் தேறினால் பெருங்குடியில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வீட்டிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்து நான்கு மணி நேரம் எழுத வேண்டும். நெட் அறுந்து பத்து நிமிடத்துக்குள் திரும்பி வராவிட்டால் தேர்வு ரத்து. அறைக்குள் வேறு யாராவது தலையைக் காட்டினாலும் ரத்து. போன முறை நடுவில் கரண்ட் போய், எல்லாம் பாழானது. இந்த முறையும் விட்டால் கம்பெனி காத்திருக்காது.

சைதாப்பேட்டையில் எங்கள் சந்துக்குள் மொபைல் சிக்னல் வந்தால் வந்தது, போனால் போனது. அதை நம்ப முடியாது. இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லை. லேப்டாப் தானாகவே நான்கு மணி நேரம் தாங்கும், ரவுட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். யூடியூபில் நாலு பேர் செய்வதைப் பார்த்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். நான்கு லித்தியம் செல், அவை அளவு மீறி ஏறாமலும் இறங்காமலும் காவல் காக்க ஒரு போர்டு, ரவுட்டருக்கு வேண்டிய பன்னிரண்டு வோல்ட்டிலேயே நிறுத்தி வைக்க இன்னொரு சின்ன போர்டு. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடக்கி, ஃபியூஸ் போட்டு, கரண்ட் எடுக்க இரண்டு வழி வைத்தேன். தொழில் புத்தி சும்மா இருக்குமா? காற்றுக்கு ஓட்டை விட்டு, மெரூன் ரெக்சினில் கைப்பிடியோடு உறையும் தைத்துவிட்டேன்.

ஒரு வாரம் தினமும் மெயின் சுவிட்சை இறக்கிச் சோதித்தேன். ஃபேன் நிற்கும், ஃபிரிட்ஜ் நிற்கும், ரவுட்டர் மட்டும் பச்சை விளக்கோடு ஓடும். தஹ்சீன் வீடியோ பார்ப்பாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தேர்வு நாளன்று காலை பத்து மணிக்கு அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூடத்தில் ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். பன்னிரண்டு பத்து வாக்கில் ஃபேன் நின்றது. ரவுட்டர் நிற்கவில்லை. 'வா ராஜா, உனக்காகத்தான் காத்திருந்தேன்' என்று தொடையைத் தட்டினேன். தட்டிய கை இறங்குவதற்குள், பச்சை விளக்குகளுக்கு நடுவில் ஒன்று சிவப்பானது.

வாசலுக்கு ஓடி கேபிள்கார வெங்கடேஷுக்கு போன் போட்டேன்.

"வெங்கடேஷ், என் வூட்ல ரவுட்டர் ஓடுது, நெட்டு இல்ல!"

"உன் வூட்ல ஓடுனா இன்னா நைனா? தெருவுக்கே லைன் குடுக்குற பொட்டி அண்ணாச்சி வூட்டு செவுத்துல கீது. அவரு கரண்ட்லதான் ஓடிக்கினு கீது. தெருவே ஆஃப் ஆனா அதுவும் ஆஃபு. அதுவும் உன் ரவுட்டர் மாதிரி பன்னெண்டு வோல்ட்டுதான்."

ஒரு வாரமாக நான் இறக்கியது என் வீட்டு மெயினை மட்டும். பக்கத்து வீட்டில் கரண்ட் இருந்தது, அந்தப் பெட்டி ஓடியது, நான் இங்கே மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். மடையன்.

பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம் அண்ணாச்சிக்கு தி. நகரில் ஜவுளிக்கடை. அவர் கேட்டை மறித்து நான் பைக்கை நிறுத்தினேன் என்று சண்டை வந்து, மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காலிங் பெல்லை அமுக்கினேன். கரண்ட் இல்லாமல் அது எங்கே அடிக்கும்? "அண்ணாச்சி!" என்று கத்தினேன். கால்வலி என்று அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை போலிருக்கிறது, நல்லவேளை, நொண்டிக்கொண்டே வந்தார்.

"தஹ்சீன் பரீட்ச எழுதிக்கினு இருக்காண்ணாச்சி. உங்க செவுத்துல இருக்குற பொட்டிக்கு என் பேட்டரிலேர்ந்து கரண்ட் குடுக்கணும். நீளமா ஒயர் வேணும். பத்து நிமிஷந்தான் டைமு, மூணு போயிடுச்சு."

அவர் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. உள்ளே போய், கவர் பிரிக்காத எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கொண்டுவந்தார். புத்தம் புதுசு. நான் தயங்கினேன்.

"என்னடே பாத்துக்கிட்டு நிக்க?" என்றவர், துணி வெட்டும் கத்தரியால் தாமே இரண்டு முனைகளையும் நறுக்கினார்.

மதில் மேலாக ஒயரை வீசி, எங்கள் ஜன்னல் வழியாகப் பேட்டரியின் இரண்டாவது வழியில் மாட்டினேன். திரும்பி ஓடிவந்தபோது அவர் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். ரவுட்டரில் சொருகுகிற பின்னை ரிச்சி தெருவில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கியிருந்தேன்; மிச்சமிருந்த ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. ஒயர் தோலைப் பல்லால் உரித்தேன்.

"எது பிளஸ்ஸு, எது மைனஸ்ஸு, நிதானமாப் பாரு தம்பி. மாத்திக் குடுத்துட்டா பொட்டியே போயிரும்" என்றார் அண்ணாச்சி.

பார்த்து பின்னோடு முறுக்கி, பெட்டியில் சொருகினேன். பெட்டிக்குள் விளக்குகள் மினுக்கின. ஓட்டமாகக் கூடத்துக்கு வந்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லா துஆவையும் ஓதினேன். பிறகுதான் அது பச்சையானது. மணி பன்னிரண்டு இருபது. ஆனால் சிவப்பானபோது மணி சரியாக என்ன? நான் பார்க்கவே இல்லை.

உள்ளே போய்க் கேட்க முடியாது. கதவைத் தட்டவும் பயம். ரத்தாகியிருந்தால் அவளே எழுந்து வந்துவிடுவாள். பின்னாலேயே வந்த அண்ணாச்சியும் என்னோடு தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் போனது, அரை மணி போனது, கதவு திறக்கவில்லை. ஒரு கதவு சாத்தியே இருப்பதில் இவ்வளவு நிம்மதி உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. அண்ணாச்சி எழுந்து போகவில்லை.

இரண்டேகாலுக்குக் கதவு திறந்தது.

"எம்பத்தொண்ணு. பாஸ்" என்றாள்.

நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். "மொதல்ல புள்ளைக்குச் சோத்தப் போடு" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பினார். அவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தொடாமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க, நெட்டு கட்டாச்சுல்ல, அப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

"இன்னா சொல்ற?"

"பாதிக்கு மேல தப்பாத்தான் போட்டிருக்கேன்னு நெனச்சேன். ஃபெயிலானா எல்லாரும் என்னைச் சொல்வாங்க. கட்டானா கரண்டைச் சொல்வாங்க. கண்ணை மூடிக்கினு நிம்மதியா சாஞ்சுக்கினேன். எட்டு நிமிஷம். திரும்ப லைன் வந்துச்சு பாருங்க, மனசுக்குள்ள உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கினேதான் மீதியை எழுதினேன்."

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

"நீங்க மட்டும் அப்படியே விட்டிருந்தீங்கன்னா, எனக்கு இது வரும்னு எனக்கே தெரிஞ்சிருக்காது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.