நோவு

நல்லம்மாளுக்கு அறுபத்து நாலு வயதிலும் ஒரு பல் ஆடியதில்லை. கரும்பைக் கொடுத்தால் தோலோடு கடித்து உரிப்பாள். அப்படிப்பட்டவள் காலையிலேயே தமிழ்ப்பள்ளி மண்டபத்து வாசலில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றால், பார்த்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்திருந்தது. மலேசியாவில் பீடோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் இலவசமாகப் பல்லும் உடம்பும் பார்த்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதே தோட்டத்து ஆஸ்பத்திரியும் போய்விட்டது. டாக்டர்களின் பெயர்ப் பட்டியலை எழுதிய பக்கத்து வீட்டுப் புனிதாதான் முந்தின நாள் வேலியோரமாக வந்து சொன்னாள்.

"அக்கா, ஒங்க விமலா பேரும் அதுல இருக்கு. பல் டாக்டரு. ஒரு நாளுதான்லா, சாயந்திரமே தெலுக் இந்தான் போயிருவாங்க."

விமலா அவளுடைய ஒரே மகள். ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் படிக்கப் போனவள், அங்கேயே தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அதைக் கேட்ட ஆத்திரத்தில், இனிமேல் என் வாசப்படியை மிதிக்காதே என்று டெலிபோனில் கத்தியவள் நல்லம்மாள்தான். அதுவரை எந்தப் பேச்சையும் கேட்காத மகள், அந்த ஒன்றை மட்டும் அப்படியே கேட்டுக்கொண்டாள். ஒன்பது வருஷமாக மிதிக்கவில்லை.

கோபமெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது. மகளின் முகத்தை ஒரு தடவை பக்கத்தில் பார்த்தால் போதும் என்று தவித்தாள். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? பல்வலிக்காரியாகப் போனால் யாரும் துரத்த முடியாதல்லவா? நம்பர் எடுத்தாள். நாற்பத்தொன்று.

முதல் மேசையில் ஒரு வெள்ளைக்கார டாக்டர். வலி இருப்பவர்களைத் திரைக்கு உள்ளே விமலாவிடம் அனுப்பினார். இல்லாதவர்களுக்கு ஒரு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுத்து வெளியே அனுப்பினார். நல்லம்மாளைப் பார்த்து, "பெயின்?" என்றார்.

"நோவு," என்றாள்.

"நோ? குட்," என்று பிரஷ்ஷை நீட்டினார்.

கன்னத்திலிருந்த கையை எடுத்துக் கும்பிட்டு, "நோவுங்கய்யா, நோவு," என்று கெஞ்சினாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து அவரும் கும்பிட்டு, வெளி வாசலைக் காட்டினார். பிறந்ததிலிருந்து பேசிய சொல் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று அவள் பிரஷ்ஷும் கையுமாக நின்றாள்.

திரை விலகியது. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். எங்கள் பாஷையில் அதற்கு வலி என்று அர்த்தம் என விமலா டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். தாயின் முகத்தைப் பார்க்காமலே நாற்காலியைக் காட்டினாள்.

சாய்ந்து படுத்ததும், "வாயத் திற," என்றாள். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் நல்லம்மாளின் தொண்டை வரை வந்தது. வாய்க்குள் கண்ணாடியை விட்டால் யாரால் பேச முடியும்? மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியோரம் நாலைந்து நரை. இது விழுந்ததைக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. கையுறை போட்ட விரல்கள் அவள் கன்னத்தைத் தாங்கியிருந்தன.

விமலா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். மேல் வரிசை, கீழ் வரிசை. ஒரு புள்ளி சொத்தை இல்லை. அவள் கை நின்றது.

"எந்தப் பல்லும்மா நோவுது?"

நல்லம்மாளால் ஒரு பல்லையும் காட்ட முடியவில்லை. கண்ணீர் வழிந்து இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது.

"ஒண்ணும் இல்ல. முடிஞ்சிருச்சு. வாய மூடும்மா."

வெளியே நாற்பத்திரண்டாம் நம்பர் காத்திருந்தது. மூடினால் எழுந்து போக வேண்டும். நல்லம்மாள் வாயை மூடவில்லை.

கீழே வைத்த கண்ணாடியை விமலா எடுத்து, முதல் பல்லிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தாள்.