மேஜை விரிப்போடு வந்த போர்வை

எங்கள் ஒட்டுப்போர்வைச் சங்கத்தின் மாத மடலை நான்தான் எழுதுகிறேன். செய்தி, குறிப்பு, ஊக்கம் என்று மூன்று பகுதி. குறிப்புக்குப் பஞ்சமே இல்லை. நல்ல துணிக் கத்தரிக்கோலைக் காகிதம் வெட்டத் தேடும் கணவரிடமிருந்து எங்கே ஒளிப்பது என்பதை மட்டுமே ஆறு இதழ் எழுதியிருக்கிறேன். ஊக்கமும் கைவசம் உண்டு: ‘பிரித்துத் தைத்தவர் கெட்டுப்போனதில்லை.’ செய்திதான் உதைக்கும். நல்ல துணியைத் துண்டு துண்டாக வெட்டி, வெட்டியதையே திரும்பச் சேர்த்துத் தைக்கிற பெண்கள் கூடும் இடத்தில் என்ன பெரிய செய்தி கிடைத்துவிடும்? யாராவது விரலில் குத்திக்கொண்டால் ‘ரத்த வெள்ளம்’ என்று போடுவேன். நூல் தீர்ந்தால் ‘நகரெங்கும் நூல் பஞ்சம்’.

ஓய்வு பெறும்வரை எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவள் நான். ஒரு கிராம் கூடக் கூட்டிச் சொல்லக் கூடாத வேலை. ஓய்வு பெற்ற மறுநாளே அந்த விரதத்தை முடித்துக்கொண்டேன். அதனால் இப்போது சொல்லப்போவதில் கொஞ்சம் கண்ணும் காதும் மூக்கும் ஒட்டியிருக்கும். ஆனால் உடம்பு அசல்.

ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகளைச் சேர்த்த முகத்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துக் கோர்த்து, பொடிப்பொடியாக ஓட்டுத்தையல் போட்டால் போர்வை. இதில் யார் கை நேர்த்தி, யார் கை கோணல் என்று தீர்ப்பு சொல்ல எங்களுக்கு ஒரு தலைவி இருக்கிறார். தொழில் நில அளவை. சங்கத்தில் பெயர் காலங்குலம். துணியின் ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் விட்டுத் தைக்கவேண்டும் என்பது அவருடைய வேதம். கழுத்தில் டேப் தொங்கும், கையில் ஸ்கேல் இருக்கும். தூக்கத்தில் புரண்டாலும் கால் அங்குலத்துக்கு மேல் புரளமாட்டார் என்று அவர் கணவர் சொன்னதாகக் கேள்வி. கேள்விப்பட்டதே என்னிடமிருந்துதான் என்றும் கேள்வி.

ஆண்டுக் கண்காட்சிச் சுவரில் எந்தப் போர்வை தொங்கலாம் என்பது காலங்குலத்தின் கையில். என் நாத்தனாரை அவர் இரண்டு வருடம் திருப்பி அனுப்பியிருந்தார். முதல் வருடம் மூலைகள் சேரவில்லை. அடுத்த வருடம் உள்ளே பஞ்சு ஒதுங்கிவிட்டது. ‘போர்வை இல்ல இது, தலையணைக் குடும்பம்’ என்றார்.

நாத்தனார் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இந்த முறை தன்னுடைய வழித்தடத்தையே போர்வையாக்கியிருந்தாள். வானத்திலிருந்து பார்த்தால் தெரியும் தெருக்கள், திருப்பங்கள், பாலம், நடுவில் பெரிய ரவுண்டானா. துணி அத்தனையும் டிப்போக்காரர்களின் பழைய சீருடைச் சட்டை. சட்டை கொடுத்தவர்களெல்லாம் கண்காட்சியன்று ஒரு பேருந்து நிறைய வந்து இறங்குவதாக ஏற்பாடு. அங்கேதான் இருந்தது சிக்கல்.

“இந்தத் தடவையும் அந்தம்மா வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவே?” என்று கேட்டேன்.

“அத்தனை பேரையும் வெறும் சுவத்து முன்னாடி இறக்கிவிட்டு நான் ஸ்டியரிங்குக்கு அடியில ஒளிஞ்சுக்கணும். சட்டையைக் குடுத்துட்டு என் மானத்தை வாங்கிட்டுப் போவாங்க அண்ணி.”

கண்காட்சிக்கு முந்தின நாள். நூலகத்தின் மாடி அறைதான் எங்கள் கூடம், கண்காட்சிச் சுவரும் அதிலேயேதான். போர்வையில் எல்லாத் தெருவும் முடிந்து, ரவுண்டானா மட்டும் பாக்கி. வழக்கமாக மடியில் போட்டுத் தைப்பவள், அன்று நீள மேஜையில் விரித்துத் தைத்தாள். ‘மடியில் தைத்தால் மடிப்பு விழும், மேஜையில் தைத்தால் மேன்மை வரும்’ என்பது அந்த மாதத்துக் குறிப்பு. எதுகை மோனை பார்த்து எழுதியது நான்.

வளையத்துக்குள் வளையமாக அவள் ஓட்டிய தையல் எறும்பு வரிசை போல இருந்தது. எங்கள் சங்கத்துப் பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் கோத்த ஊசிகளை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே இருந்தார். அறுவை சிகிச்சை போல அறையே நிசப்தம். கடைசி முடிச்சு விழுந்ததும் நான் கை தட்டிய தட்டில் கீழ்த்தளத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

நாத்தனார் போர்வையை இரண்டு கையாலும் வாரித் தூக்கினாள்.

போர்வை வந்தது. கூடவே மேஜை விரிப்பும் வந்தது. விரிப்பின் மேல் இருந்த தேநீர்க் கோப்பைகள், பிஸ்கட் தட்டு, ஊசி டப்பா, பல் டாக்டரின் மூக்குக் கண்ணாடி எல்லாம் ஊர்வலமாகக் கிளம்பி, விளிம்பு வரை வந்து, ஒவ்வொன்றாகக் குதித்தன. மேஜையும் ஓரடி நகர்ந்தது என்று எழுதலாம் என்றிருந்தேன். பல் டாக்டர் கூடாது என்றுவிட்டார்.

“என்ன இது?” என்றாள் நாத்தனார், தூக்கியபடியே.

பல் டாக்டர் குனிந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவர் போல அடியில் பார்த்தார். “வேர் வரைக்கும் போயிருக்கும்மா. ஒரு தையல் விடாம விரிப்பையும் சேர்த்துத் தைச்சிருக்கே.”

ஊசி மேஜைப் பலகையில் முட்டி மேலே ஏறும்போதெல்லாம் விரிப்பையும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. போர்வை தைக்கிற இனத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்காது. பிரித்தால் ரவுண்டானா போச்சு. மறுபடி தைக்க நேரமில்லை. காலங்குலம் வரும் நேரம்.

நாத்தனார் எல்லாவற்றையும் மேஜையிலேயே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “டிப்போவுக்குப் போன் பண்ணி பஸ் வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“அடியே, அழாதே. நாலடுக்குப் போர்வை, புது உத்தின்னு சொல்லிடலாம். அடுத்த மடல்ல நானே எழுதறேன். வெளிநாட்டுல எல்லாம் இப்ப நாலடுக்குதான்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது.”

“அண்ணி, நான் வழி தப்பிச் சந்துக்குள்ள பஸ்ஸை விட்டுட்டு, புது ரூட்டுன்னு சொல்ற ஆள் இல்லை.”

“உங்க அண்ணனுக்குத் தங்கச்சிதாண்டி நீ. அவரும் இப்படித்தான், பொய் சொல்லவேண்டிய இடத்துலகூட மென்னு முழுங்குவார்.”

“அவர் பொய் சொல்ல எங்க வாய் குடுக்கறீங்க நீங்க?”

பல் டாக்டர் சிரித்தார். அதற்குள் படியில் செருப்புச் சத்தம். காலங்குலம்.

நாத்தனார் எழுந்து நின்று, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். “மேடம், விரிப்பையும் சேர்த்துத் தைச்சுட்டேன். பாக்கறதுன்னா பாருங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, பஸ்ஸை நிறுத்தணும்.”

காலங்குலம் ஸ்கேலை எடுத்தார். மூலை மூலையாக வைத்துப் பார்த்தார். பாலத்தின் மேல் டேப்பை ஓட்டினார். பஞ்சு ஒதுங்கியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார். பிறகு விரிப்பைத் தூக்கி, அதற்கும் மேஜைப் பலகைக்கும் நடுவே புகுந்துவிட்டார். வெளியே இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது. அதற்குள் எனக்கு இன்னும் நாலு முடி நரைத்தது.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “தையல் நேரா இருக்கு.”

பல் டாக்டர் குனிந்து காதைக் கொடுத்தார்.

“நாலு அடுக்குலயும் நேரா இருக்கு. மேல பார்த்து நேராத் தைக்க எல்லாராலயும் முடியும். அடியில தெரியாமத் தைச்சதும் நேரா வந்திருக்கு பாரு, அது கை.” தலையில் பிஸ்கட் தூளோடு வெளியே வந்தார். “ஆனா மேஜை மேல இருக்கறதைக் கண்காட்சின்னு சொல்லமாட்டேன். நாளைக்குக் காலைல சுவத்துல தொங்கணும். தொங்கினா ஏத்துக்கறேன்.”

“அப்ப சுத்தி இருக்கற விரிப்பை வெட்டிடலாம்” என்று நான் கத்தரிக்கோலை எடுத்ததும், வாசலில் ஒரு இருமல். கோப்பை உடைந்த சத்தம் கேட்டு நூலகர் ஏறி வந்திருந்தார். மனிதர் புத்தகத்தின் மூலை மடிந்தாலே மூன்று நாள் சாப்பிடமாட்டார்.

“யார் எதை வெட்டறாங்க?”

“ஒண்ணுமில்ல சார், நகம்” என்றேன்.

அவர் விரிப்பின் மூலையைத் திருப்பிக் காட்டினார். நீல மையில் முத்திரை: ‘நூலக உடைமை. வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.’ “ஒரு நூல் குறையக் கூடாது. கிழிக்கறது, வெட்டறது எதுவும் கிடையாது.”

நாத்தனாரின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் காலங்குலத்தின் கண், நிலத்தில் புதைந்த எல்லைக் கல்லைக் கண்டதுபோல மின்னியது. “சார், இந்தச் சுவர் நூலகத்துக்கு உள்ளதானே இருக்கு?”

“ஆமா.”

“விரிப்பை மேஜையில போடணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? சுவத்துல போடக் கூடாதா?”

நூலகர் யோசித்தார். சட்டம் தெரிந்தவரைச் சட்டத்தாலேயே மடக்குவது எப்படி என்று நான் அன்றுதான் பார்த்தேன். “வெட்டாமப் போட்டா ஆட்சேபணை இல்லை” என்றார் கடைசியில்.

மறுநாள் போர்வை தொங்கியது. நாலா பக்கமும் தேநீர்க் கறை படிந்த விரிப்பு, பெரிய படத்துக்குச் சட்டம் போட்டதுபோல. கீழ் மூலையில் முத்திரை, கலைஞரின் கையெழுத்து மாதிரி. டிப்போப் பேருந்து வந்து நின்றது. இறங்கியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பேருந்தின் கொள்ளளவைச் சொல்லி யாரும் என்னைத் திருத்தவேண்டாம்.

“என் சட்டை எந்தத் தெரு?” என்று ஒருவர்.

“நீங்க பாலம் அண்ணே.”

“நான் எங்கம்மா?”

“சிக்னல். எப்பவும் நின்னுகிட்டே இருப்பீங்கல்ல, அதான்.”

டிப்போ மேலாளரின் சட்டை ரவுண்டானாவாகியிருந்தது. எதைக் கேட்டாலும் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்வாராம். அவருக்கு அது புரியவில்லை, நடுவில் வைத்ததற்கு மெச்சிக்கொண்டார்.

கண்காட்சி முடிந்ததும் அவரவர் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டோம். நாத்தனார் ஸ்டூல் போட்டு ஏறியபோது நூலகர் தடுத்தார். “அது வெளிய போகக் கூடாதும்மா.”

“போர்வை என்னோடது சார்!”

“போர்வை உங்களோடது. விரிப்பு எங்களோடது. பிரிச்சு எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க.”

அவள் ரவுண்டானாவைப் பார்த்தாள். அந்த வளையங்களைப் பார்த்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கினாள். “இருக்கட்டும். குளிரெடுத்தா இங்க வந்து இதுக்கடியில உக்காந்துக்கறேன்.”

காலங்குலத்தின் போர்வை கூட இரண்டு நாள்தான் அந்தச் சுவரில் இருந்தது. என் நாத்தனாருடையது நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இது செய்தி. இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை, கூட்ட இடமும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போனால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல மேஜையில் விரித்துத்தான் தைத்தார்கள். காலங்குலம் எல்லோருக்கும் முன்னால் வந்து, நட்டநடு மேஜையைப் பிடித்திருந்தார். தைக்கும்போதே இடது கை மெல்ல மெல்ல மேஜை விளிம்பைத் தேடிப் போயிற்று. அங்கே வெறும் பலகை. நூலகர் விரிப்புகள் அத்தனையையும் உருவி, மடித்து, அலமாரியில் பூட்டியிருந்தார்.

“என்ன மேடம் தேடறீங்க?” என்றாள் நாத்தனார்.

“ஊசி விழுந்துடுச்சு” என்றார் காலங்குலம். ஊசி அவர் வலது கையில் இருந்தது.