காளை பூட்டிய கார்

பெட்ரோல் விலை தலைக்கு மேல் ஏறிய வருஷம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கடலை விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தி தன் அம்பாசடர் காரைக் களத்துக் கொட்டகைக்குள் நிறுத்தினார். ஓட்டாத வண்டிக்கு எதற்கு வரி என்று விசாரித்தார். வரி வேண்டாம்; ஆனால் பாலக்காட்டு ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்த இடத்தைவிட்டு வண்டி அசையக் கூடாது, அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, சர்க்காரையே ஜெயித்துவிட்ட மிதப்போடு வீடு வந்தார். சட்டம் தானாகக் கொடுத்த சலுகையைத் தன் சாமர்த்தியம் என்று நம்பியவர் அந்தத் தாலுகாவில் தான் ஒருவன்தான் என்பது அவருக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

தை பிறந்ததும் மனைவி மருதாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, எங்கண்ணன் புள்ள சரசுவை நம்ம கார்லதான் மண்டபத்துக்குக் கூட்டியாறதுன்னு நிச்சயத்தன்னிக்குச் சொன்னீங்களே, நெனப்பிருக்குதுங்களா?"

சொன்னதுதான். யாரும் கேட்கவில்லை. கேட்காத வாக்கைக் கொடுப்பதில் அவர் கர்ணனுக்கே பெரியப்பன்.

"ஒரு டாக்சி பேசிட்டாப் போவுதுங்க" என்றாள்.

சபையில் சொன்னபிறகு டாக்சியா? ஈஸ்வரமூர்த்தி யோசித்தார். யோசித்தால் அவருக்கு ஏதாவது தோன்றிவிடும், அதுதான் வினை.

"ஏம்புள்ள, நான் எழுதிக் குடுத்தது என்ன? வண்டியை ஓட்ட மாட்டேன்னுதான? இழுக்க மாட்டேன்னு எழுதலியே."

மருதாத்தாள் சொன்னாள். "எதுக்கும் ஒரு வக்கீலைக் கேட்டுக்குங்க."

"வக்கீலுக்குத் தெரியறது எனக்குத் தெரியாதாக்கும்."

முகூர்த்தத்தன்று காலையில், பண்ணையத்து ஆள் குப்பண்ணன் காளைகளைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சலங்கை கட்டி, காரின் முன்கம்பியில் வடக்கயிறு போட்டுப் பூட்டினான். மணப்பெண் சரசுவும் மருதாத்தாளும் பின்சீட்டில் ஏறினார்கள். பட்டு வேட்டியோடு ஈஸ்வரமூர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும், முன்னால் ஆடுகிற இரண்டு வால்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க அவருக்கு ராஜா மாதிரிதான் இருந்தது. வாய்க்கால் இறக்கத்தில் மட்டும் கார் காளைகளின்மேல் ஏறப் பார்த்தது. பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

இறக்கம் முடிந்த இடத்தில் எதிரே ஒரு ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் தலையை நீட்டி, காளைகளைப் பிடித்திருந்த குப்பண்ணனிடம் கேட்டார்.

"இவிடெ ஈஸ்வரமூர்த்தின்னு ஒராளோட வீடு எங்கே? அவரோட கார் ஷெட்டுல நிக்குதான்னு நோக்கணும்."

ஈஸ்வரமூர்த்தி சீட்டில் தாழ்ந்தார். குப்பண்ணன் நல்ல மனுஷன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டான்.

"ஊட்டுக்குப் போனாப் பாக்க முடியாதுங்க. பண்ணாடி இதா, காருக்குள்ளதான் குனிஞ்சு உக்காந்திருக்கறாருங்க."

இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கால் பிடித்திருந்ததால் நொண்டிக்கொண்டே போய்க் கும்பிட்டார்.

"எஞ்சின் ஓடலைங்க. டாங்கில ஒரு சொட்டு பெட்ரோல் இல்லீங்க. மாடுதானுங்க நடக்குது."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். பின்சீட்டில் மாலையோடு இருந்த பெண்ணைப் பார்த்தார்.

"பெட்ரோலுக்கல்ல வரி, ரோட்டுக்காக்கும். வண்டி ரோட்டுல ஆளை ஏத்திட்டுப் போகுது. மாடு இழுத்தா என்ன, ஆனை இழுத்தா என்ன?"

இவ்வளவு எளிய விஷயம் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஈஸ்வரமூர்த்திக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது, அதிகாரி முன்னால் சிரிக்கக் கூடாதென்று அடக்கியதில் இருமலாக வந்தது.

"முகூர்த்தம் தெற்றண்டா, தவற விட வேண்டாம். போங்க. எழுதறதைப் பின்னால எழுதறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்களும் வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டு எழுதுங்க சார்."

அவர் வந்தார். மூன்றாவது பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தார். கை கழுவிவிட்டு ஒரு வரி விடாமல் எழுதினார்.

அந்தத் தவணைக்கான வரி முழுசும் அபராதத்தோடு வந்தது. கட்டினார். கட்டிய கையோடு, "வரி கட்டியாச்சு, இனி ஓட்டாம வுட்டா நான் மடையன்" என்று பெட்ரோல் வாங்கி ஊற்றிச் சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. எஞ்சின் மூடியைத் திறந்தால், எலி வயர்களைக் கடித்துப் போட்டுப் பஞ்சு மெத்தை விரித்துக் குட்டி போட்டிருந்தது.

மருதாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "சிரிச்சுக்க புள்ள, அடக்காத" என்றார் அவர்.

அடுத்த தவணைக்கு எழுதிக் கொடுக்கப் பாலக்காட்டுக்குப் பஸ்ஸில்தான் போனார். பக்கத்தில் இருந்த வேலந்தாவளத்து வியாபாரி சும்மா, "நீங்க கார் வெச்சிருந்தீங்கல்ல?" என்று கேட்டார். கண்டக்டர் அதற்குள் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவனுக்குக் கதை தெரிந்திருந்தது.

"இருங்க தம்பி, என் கதையை நானே சொல்றனுங்க. நீங்க சொன்னா ஆனை இழுத்துச்சும்பீங்க" என்று ஈஸ்வரமூர்த்தி ஆரம்பித்தார்.